ஆங்கிலச் சொல்லின் கீழே தமிழெழுத்து: ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ள பக்கத்தில் வாரந்தோறும் ஒரு தொகுதி ஆங்கிலச் சொற்கள் வெளிவருகின்றன. ஒவ்வொரு சொல்லின் கீழும் அதனை எவ்வாறு ஒலிப்பது என்பது தமிழெழுத்தில் தரப்படுகிறது. அருகே பொருளும் தரப்படுகிறது. அரச பாடசாலைகளில் 31 வருடங்கள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது வெள்ளவத்தையில் மாலை வேளைகளில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு அந்தப் பக்கம் பெரிய வசதி. அதே பக்கம்தான் பெரிய தலையிடியும். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டும்.

சென்ற மாதம், எங்கள் தொடர்மாடியில் பக்கத்து வீட்டில் இருக்கும், ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை ஒருத்தி பத்திரிகையோடு வந்தாள். சட்டத்தரணிகள் அணியும் மேலங்கியைக் குறிக்கும் சொல்லின் கீழும் 'கோட்' என்று அச்சாகியிருந்தது; ஆட்டைக் குறிக்கும் சொல்லின் கீழும் 'கோட்' என்றே அச்சாகியிருந்தது. "ரெண்டையும் ஒரே மாதிரித்தானே சொல்லவேணும் ரீச்சர்? பேப்பரிலேயே அப்படித்தான் கிடக்கு" என்றாள். நான் இரண்டு சொற்களையும் மாறி மாறி நான்கு தரம் சொல்லிக் காட்டினேன். பிள்ளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டும் ஒண்டுதான் ரீச்சர்" என்று முடித்துவிட்டாள். அவளுடைய வாயில் மட்டுமல்ல, காதிலும் அந்த இரு சொற்களும் ஒன்றாகிவிட்டிருந்தன என்பதும், அதை ஒன்றாக்கியதில் அச்செழுத்துக்கும் பங்குண்டு என்பதும்தான் இக்கடிதத்தை எழுதத் தூண்டின. (தமிழிலேயே எழுதுவதால் எனக்கும் அதே சிக்கல். ஆகவே பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை அவற்றின் பொருளைச் சொல்லியே சுட்டுகிறேன்.)

இது தமிழெழுத்தின் குறை என்று சொல்ல நான் வரவில்லை. 'கடல்' என்னும்போது முதலில் வரும் ககரத்தில் மிடறு, அதாவது தொண்டை, அதிர்வதில்லை. 'தங்கம்' என்னும்போது மெல்லெழுத்தை அடுத்து நிற்கும் ககரத்தில் அதிர்கிறது. 'பக்கம்' என்று இரட்டிக்கும்போது மறுபடி அதிர்வதில்லை. 'பகல்' என்னும்போது இரு உயிர்களுக்கு நடுவில் அது இளகி, உராய்வொலியாகவே ஆகிவிடுகிறது. ஒலிகள் பல, எழுத்து ஒன்றே. நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானித்துவிடுவதால் வேறு எழுத்துகள் தேவைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிமார்கூட இந்த ஒழுங்கைப் பிசகியதில்லை. இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் இடம் இந்த அதிர்வைத் தீர்மானிப்பதில்லை. ஒரே இடத்தில் அதிரும் ஒலியும் வரும், அதிராத ஒலியும் வரும். எது வந்தது என்பதைப் பொறுத்து மேலங்கி ஆடாகும், குண்டூசி குப்பைக்கூடையாகும். அந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கென்று உருவாகாத ஓர் எழுத்தை அதைக் காட்டப் பயன்படுத்துவது, முழக்கோலால் அரிசி அளப்பது போன்றது.

அதிரும் ஒலி நம் வாய்க்கு வராது என்பதும் உண்மையல்ல. பம்பலப்பிட்டிக்குப் போக 'பஸ்' ஏறும் அதே பிள்ளை, அந்தச் சொல்லின் பகரத்தை மிடறு அதிரத்தான் சொல்கிறாள். 'பல்' என்னும்போது அதிராமல் சொல்கிறாள். இரண்டும் அவளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இருப்பதை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கழுத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு 'பஸ்', 'பல்' என்று மாறி மாறிச் சொல்லச் செய்தால், ஐந்து நிமிடத்துக்குள் பிள்ளையின் முகத்தில் ஒரு வியப்பு வருவதைப் பார்க்கலாம். ஆட்டையும் மேலங்கியையும் அதன் பிறகுதான் எடுக்க வேண்டும்.

ஆனால் கழுத்தில் விரல் வைப்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை என்பதை நானே பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் குண்டூசியைக் குறிக்கும் சொல் பகரத்தில் தொடங்கும்போது உதடு திறந்த கையோடு ஒரு மூச்சுக்காற்று வெளியேறுகிறது. நம்முடைய பகரத்தில் அந்தக் காற்று இல்லை. ஆதலால், மிடறு சிறிதும் அதிராமல் நாம் 'குண்டூசி' என்று சொன்னாலும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் காதில் அது பல வேளைகளில் 'குப்பைக்கூடை' என்றே விழும். இதற்கு நான் கண்ட வழி, ஒரு மெல்லிய கடதாசித் துண்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடிப்பது. குண்டூசிக்குக் கடதாசி துள்ள வேண்டும். குப்பைக்கூடைக்கு அசையாமல் இருக்க வேண்டும். (அதே பகரம் சகர ஒலியை அடுத்து வந்தால் கடதாசி துள்ளுவதில்லை, சுழலுதல் என்று பொருள்படும் சொல்லைச் சொல்லிப் பார்த்தால் தெரியும். இந்த வித்தியாசம் ஆங்கிலேயர்களில் பெரும்பாலோருக்கே தெரியாது.) சொல்லின் இறுதியில் நிலைமை வேறு. பையைக் குறிக்கும் சொல்லையும் முதுகைக் குறிக்கும் சொல்லையும் நாம் 'பாக்' என்றே எழுதுகிறோம். அங்கே ஆங்கிலேயரின் காது கடைசி மெய்யை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அதற்கு முன்னுள்ள உயிர் நீள்கிறதா குறுகுகிறதா என்பதையே கவனிக்கிறது. பைக்கு உயிர் நீளும், முதுகுக்குக் குறுகும். குறில் நெடில் மாத்திரைக் கணக்குப் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு "பை என்றால் அரை மாத்திரை கூட்டிச் சொல்" என்றால் போதும். ஓர் ஆங்கிலேய ஆசிரியருக்கு இந்த வசதி கிடைக்காது.

வகரத்துக்கு இன்னொரு வசதி உண்டு. மேற்கைக் குறிக்கும் சொல்லையும் உள்ளாடையைக் குறிக்கும் சொல்லையும் நாம் 'வெஸ்ட்' என்று ஒரே மாதிரி எழுதி, ஒரே மாதிரி சொல்கிறோம். மேற்பல்லும் கீழுதடும் பொருந்துமிடத்தில் வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்லிவைத்திருக்கிறது. உள்ளாடைக்கு வேண்டியது அந்த வகரம்தான். இன்றைய பேச்சில் நாம் பல்லைச் சரியாகப் பொருத்தாமல் தளர விட்டுவிடுகிறோம். மேற்கு என்ற சொல்லுக்குப் பல்லுக்கு வேலையே இல்லை. உகரத்துக்குக் குவிப்பது போல உதட்டைக் குவித்துவிட்டுத் திறந்தால் போதும். ஒரு சிறு முகக்கண்ணாடி இருந்தால் இந்தப் பாடம் பத்து நிமிடம்.

வாய்க்குச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் காதுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் அனுபவத்தில் மிகவும் கசப்பாகக் கற்ற பாடம். கனடாவைச் சேர்ந்த ஜெனட் வேர்க்கரும் ரிச்சர்ட் ரீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் எனக்குத் துணையாக இருந்தது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் கைக்குழந்தைகளுக்கு ஹிந்தியில் உள்ள தகர, டகர வேறுபாட்டை அவர்கள் கேட்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் அதைப் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் அந்தத் திறன் பெரிதும் தேய்ந்துவிட்டிருந்தது. பேசத் தொடங்கும் முன்னரே காது தாய்மொழிக்கென்று தன்னைச் செதுக்கிக்கொள்கிறது என்பது இதன் பொருள். நமக்குப் பச்சைத் தண்ணீர் போல் தெளிவான த, ட வேறுபாடு ஒரு வயதான ஆங்கிலேயப் பிள்ளைக்கே மங்கிவிடுகிறதென்றால், ஆடும் மேலங்கியும் பத்து வயதுத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒன்றாகக் கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இதை நான் என் வீட்டிலேயே கண்டேன். ரொறன்ரோவில் பிறந்த என் பேத்தி கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, 'பத்து', 'பற்று', 'பட்டு' என்ற மூன்றையும் சொல்லச் சொன்னேன். மூன்றையும் ஒன்றாகவே சொன்னாள். நான் சற்றுச் சலித்துக்கொண்டபோது, "அம்மம்மா, நீங்கள் ஒரே சொல்லைத்தான் மூண்டு தரம் சொல்லுறீங்கள்" என்று கோபித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதும் இவள் சொன்னதும் ஒரே வாக்கியம்! பேத்திக்கு என் தமிழ் எப்படியோ, அப்படித்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என் ஆங்கிலம். அன்றிலிருந்து பிள்ளைகளிடம் "கவனமாகக் கேள்" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். கவனம் இல்லாததால் அவர்கள் கேட்காமல் விடவில்லை.

காதைப் பிறகும் பழக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆங்கிலத்தின் ரகர லகரங்களைப் பிரித்தறிய இயலாத ஜப்பானியர்களுக்கு, அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பயிற்சி அளித்து, அதன் பலனை 1991இல் வெளியிட்டனர். ஒருவரின் குரலில் அல்ல, பலருடைய குரல்களில், சொல்லின் பல இடங்களில் அந்த ஒலிகளைக் கேட்கச் செய்து, எது எது என்று சொல்லவைத்து, சரியா பிழையா என்று உடனுக்குடன் அறிவித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் புதிய குரல்களிலும் வேறுபாட்டை முன்னைவிட நன்றாகக் கண்டுகொண்டார்கள். கேட்டலில் மட்டும் இவ்வாறு பயிற்சி பெற்றவர்களின் உச்சரிப்பும், தனியே உச்சரிக்கப் பழக்காமலேயே, திருந்தியதாக 1997இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. இதை வெள்ளவத்தையில் செய்வதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. என் மாணவர்களின் அக்காமார், மாமாமார், லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கும் மச்சான்மார் ஆகியோரிடம் இருபது சோடிச் சொற்களைக் கொடுத்துக் கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பச் சொன்னேன். ஒன்பது குரல்கள் சேர்ந்தன. பிள்ளைகள் கேட்டுவிட்டு, ஆட்டின் படத்தையோ மேலங்கியின் படத்தையோ தொட்டுக் காட்டுவார்கள். வாய் திறக்கவே வேண்டாம். மூன்று வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்துக்கு எட்டுத் தரம் சரியாகத் தொட்டாள். நாலாம் வாரம் நான் கேட்காமலே சொல்லிக் காட்டினாள்.

இனி, இந்த நாட்டுத் தமிழருக்கே உரிய ஒரு விடயம். ஆங்கிலத்தின் ரகரத்தைக் குறிக்க நாம் என்ன எழுதுகிறோம் என்று கேட்டால் பதில் எளிது. ஆனால் ஆங்கிலத்தில் தேநீரைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலிக்கு என்ன எழுதுகிறோம்? தமிழகத்தில் 'டீ' என்பார்கள். எங்கள் அப்பா கடைக்கணக்குக் கொப்பியில் 'ரீ' என்று எழுதுவார். 'ரீச்சர்', 'ரிக்கெற்', 'ரொறன்ரோ' என்பதெல்லாம் அந்த வழிவந்த எழுத்துகளே. எழுத்தில் ரகரமாக இருந்தாலும் எங்கள் வீட்டில் எவரும் அதை ரகரமாக உச்சரித்ததில்லை. இந்த எழுத்துமுறையைப் பார்த்துத் தமிழகத்து நண்பர்கள் சிரிப்பதுண்டு. ஆனால் இதற்குள்ளே ஒரு நுண்ணிய காது இருக்கிறது. ஆங்கிலேயரின் அந்த ஒலி, நாக்கை மேலே மடித்து எழும் நம் டகரமும் அல்ல, பல்லில் படும் தகரமும் அல்ல. நுனிநா மேற்பல்லின் பின்னுள்ள ஈற்றில் ஒற்றிப் பிறப்பது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'காற்று', 'பற்று', 'வெற்றி' என்னும்போது இரட்டிக்கும் றகரம் சரியாக அந்த இடத்தில்தான் பிறக்கிறது. மலையகத்திலும் தமிழகத்திலும் பேச்சில் 'காத்து' என்று தகரமாகிவிட்ட ஒலி வடக்கில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆகவே, ஆங்கிலச் சொல்லில் அந்த ஒலியைக் கேட்ட நம் முன்னோர் ஏறக்குறைய அதே ஒலியுள்ள றகரத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள்; தமிழில் சொல்லின் முதலில் றகரம் வராதாகையால் அங்கே ரகரத்தை எழுதினார்கள்.

இப்போது நடப்பது என்ன? அந்த ஒலியைத் தன் வாயில் இயல்பாகவே வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கொழும்புக்கு வந்து, தங்கள் பக்கத்தில் 'டீச்சர்', 'டேபிள்' என்று படித்து, நாக்கை நன்றாக மடித்து, உள்ளதையும் கெடுத்துக்கொள்கிறது. பழையபடி 'ரீச்சர்' என்றே அச்சிடுங்கள் என்று நான் கேட்கவில்லை; அதைப் படிப்பவரில் பாதிப்பேர் ரகரமாகவே வாசித்துவிடுவார்கள். 'பற்று' என்பதை நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அந்த இடத்தில் நாக்கை வையுங்கள் என்று ஒரு வரி, பக்கத்தின் அடியில் இருந்தால் போதும். 'காத்து' என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் நாக்கின் இடத்தைத் தனியே காட்ட வேண்டியிருக்கும்.

'இஸ்கூல்' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதற்காகப் பிள்ளைகள் வகுப்பில் கேலிக்குள்ளாவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் சொல்லின் முதலில் நிற்க இயலாத ஒலிக்கு முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வது நம் மொழியின் பழைய பழக்கம். இந்தத் தீவின் பெயரே அப்படித்தான் 'இலங்கை' ஆனது. ஆங்கிலம் பேசும்போது அந்த இகரத்தை விட்டுவிட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லலாம், சிரிக்க வேண்டியதில்லை.

தனி ஒலிகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகளின் ஆங்கிலம் விளங்காமல் போவதற்கு அவற்றைவிடப் பெரிய காரணம் அசையழுத்தம் என்பது என் கருத்து. தமிழெழுத்தில் எழுதிக் காட்டுவதால் முற்றாகத் தொலைந்துபோவதும் இதுவே. வாழைப்பழத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 'பனானா' என்று எழுதுகிறோம். அதில் மூன்று அசைகள். நடுவிலுள்ளது மட்டுமே உரத்து நீள்கிறது. முன்னும் பின்னும் உள்ள அகரங்கள் நிறமிழந்து, வாயைப் பாதி திறந்து முனகுவது போல மங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிர் இந்த மங்கிய உயிர்தான். அதற்குத் தமிழில் எழுத்தும் இல்லை, ஆங்கிலத்தில் தனி எழுத்தும் இல்லை. தமிழெழுத்தில் வாசிக்கும் பிள்ளை மூன்று அசைகளுக்கும் சம மரியாதை கொடுத்து வாசிக்கிறது. புகைப்படத்தைக் குறிக்கும் சொல்லில் முதலசை உரக்கிறது. புகைப்படம் எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசை உரக்கிறது. அந்தத் துறை சார்ந்தது என்ற உரிச்சொல்லில் மூன்றாம் அசை உரக்கிறது. ஒரே வேரிலிருந்து வந்த மூன்று சொற்களில் அழுத்தம் இவ்வாறு இடம் மாறும்போது, உயிர்களின் நிறமும் கூடவே மாறிவிடுகிறது. பதிவு என்ற பெயர்ச்சொல்லுக்கு முதலசையையும், பதிவு செய் என்ற வினைக்கு இரண்டாம் அசையையும் அழுத்த வேண்டும். அழுத்தம் பிசகினால், ஒவ்வொரு மெய்யும் சரியாக இருந்தாலும், கேட்பவர் முதலில் வேறொரு சொல்லைத் தேடிக்கொண்டு போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நம் வாக்கியம் முடிந்துவிடும்.

இதைக் கற்பிக்க நான் சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளைகளை முதலில் பிடித்துக்கொள்வேன். வெள்ளவத்தையில் அவர்களுக்குக் குறைவில்லை. மேசையில் தட்டிக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களிடமும் ஒரு சங்கடம் உண்டு: தாளத்தில் பழகிய கை எல்லா எண்ணிக்கைக்கும் ஒரே அளவு கொடுக்கப் பார்க்கும். ஆகவே ரப்பர் பட்டி ஒன்றை இரு கைகளாலும் பிடிக்கச் செய்து, உரக்கும் அசைக்கு மட்டும் இழுக்கவும் மற்ற அசைகளுக்குத் தளர விடவும் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு விளையாட்டு, எனக்கு மாதம் ஒரு பெட்டி ரப்பர் பட்டி செலவு.

இவ்வளவு சொன்னதால், எல்லோரும் வெள்ளைக்காரரைப் போலப் பேச வேண்டும் என்பது என் நோக்கம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. காலி வீதி நெடுகிலும் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் 'முப்பதே நாளில்' என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் எரிச்சலைச் சொல்ல இது இடமல்ல. 1995இல் கனடாவில் மன்ரோவும் டேர்விங்கும் வெளியிட்ட ஆய்வொன்றில், வேற்றுமொழிச் சாயல் கனமாக இருக்கிறது என்று கேட்போர் மதிப்பிட்ட பேச்சுகளில் பலவற்றை அவர்களே ஒரு சொல்லும் தவறாமல் எழுதிக் காட்டியிருந்தார்கள். சாயல் இருப்பது வேறு, விளங்காமல் இருப்பது வேறு. வெளிநாட்டுக் கல்விக்கு நம் பிள்ளைகள் எழுதும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையின் பேச்சுப் பகுதியில் உச்சரிப்புக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பு உண்டு. அங்கும் பார்க்கப்படுவது சிரமமின்றி விளங்குகிறதா என்பதே. அதற்கு மூக்கால் பேச வேண்டியதில்லை. கொழும்பில் எலொகியூஷன் வகுப்புகளுக்குப் போய் ஆங்கிலக் கவிதையை மணி மணியாக ஒப்புவிக்கும் பிள்ளைகள் சிலர், ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்லத் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒப்புவிப்பது ஒரு கலை, அதை மதிக்கிறேன், உரையாடலுக்கு அது ஈடாகாது.

இந்நகரில் உச்சரிப்பு என்பது வெறும் ஒலிச் சங்கதியாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குறுகிய ஒகரத்தை வேறு விதமாகச் சொல்பவர்களை 'நொட்-பொட்' என்று நையாண்டி செய்யும் வழக்கம் இங்கு உண்டு. ஆங்கிலத்தையே சிங்கள மாணவர்கள் 'கடுவ', அதாவது வாள், என்று அழைப்பதும் உண்டு. அந்த வாள் யாரை வெட்டுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னும் பாரதூரமானதும் நடந்திருக்கிறது. 1983 ஆடிக் கலவரத்தில், பஸ்ஸை மறித்து, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லவைத்து, முதல் ஒலி எப்படி வருகிறது என்று பார்த்துத் தமிழரை அடையாளம் கண்டார்கள் என்று என் தலைமுறையினர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மிடறு அதிரும் அந்தப் பகரத்தைப் பற்றித்தான் மேலே விரல் வைத்துப் பார்க்கும் பயிற்சியாக எழுதினேன். என் உறவினர் ஒருவர் அதன் பின்னர் தம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் நித்திரைக்குப் போகுமுன் சொல்லிப் பழக்கினார். அதை நினைவில் வைத்திருப்பதால், பிள்ளையின் உச்சரிப்பைப் பார்த்து எவராவது சிரித்தால் எனக்குப் பொறுப்பதில்லை.

சிங்களம் கற்கும் தமிழருக்கும் இதே தமிழெழுத்துச் சிக்கல்தான். மலையைக் குறிக்கும் சொல்லையும் அடிமரத்தைக் குறிக்கும் சொல்லையும் கைநூல்கள் 'கந்த' என்றே எழுதுகின்றன. முதலாவதில் நகரம் முழு மெய்யாக நிற்கிறது. இரண்டாவதில் அது அடுத்த ஒலியின் மேல் ஒரு நிழல் போலப் படிந்து சட்டென்று கடந்துவிடுகிறது. அதற்கென்று சிங்களத்தில் தனியெழுத்தே இருக்கிறது. அந்த எழுத்தைப் படிப்பிக்காமல் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தால், அரச உத்தியோகத்தர் இரண்டாம் மொழிப் பரீட்சையில் சித்தியடைவார், கந்தோரில் மலையையும் மரத்தையும் குழப்புவார்.

ஜேர்மனிக்குத் திருமணமாகிப் போகும் பெண்கள் 2007 முதல் விசாவுக்கு முன்னரே அடிப்படை ஜேர்மன் மொழித் தேர்ச்சியைக் காட்ட வேண்டியிருக்கிறது. அவ்வாறு ஒருத்தி சென்ற வருடம் என்னிடம் ஒரு கொப்பியோடு வந்தாள். எனக்கு ஜேர்மன் சொற்பமே தெரியும். கொப்பி முழுவதும் தமிழெழுத்து. 'நான்' என்ற பொருள் தரும் சொல்லை ஓரிடத்தில் 'இக்' என்றும், ஓரிடத்தில் 'இஷ்' என்றும், வேறோரிடத்தில் 'இஹ்' என்றும் எழுதியிருந்தாள். மூன்றும் பிழை, மூன்றுக்கும் நடுவே எங்கேயோ சரியானது இருந்தது. புள்ளியிட்ட அவர்களுடைய ஊகாரத்தை 'யூ' என்று எழுதி அப்படியே சொன்னாள். "உதட்டை ஊகாரத்துக்குக் குவித்தபடியே வைத்துக்கொண்டு, உள்ளே நாக்கால் ஈகாரம் சொல்" என்றேன். இரண்டாம் முயற்சியிலேயே வந்துவிட்டது. கொப்பியை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் ஒலிப்பதிவை மட்டும் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

பாடசாலைகளைக் குறைசொல்லி நீட்ட விரும்பவில்லை. சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை எழுத்துப் பரீட்சையாகவே இருந்துவந்த நிலையில், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பரீட்சைக்கு வராத ஒன்றுக்கு நேரம் ஒதுக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. எனக்கும் பல வருடங்கள் வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தங்கள் பக்கம் வேலை செய்கிறது. கொழும்பில் 1925 டிசெம்பரில் தொடங்கிய வானொலி, பின்னாளில் தன் தமிழ் அறிவிப்பாளர்களின் உச்சரிப்புக்காகக் கடல் கடந்து தமிழகத்திலும் நேயர்களைப் பெற்றது. காதால் மொழி கற்ற ஒரு தலைமுறை இங்கே இருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள்கள் சிறியவை. ஆங்கிலச் சொல்லின் கீழே தமிழெழுத்தைப் போடுவதை ஒரேயடியாக நிறுத்த இயலாது என்பது எனக்கு விளங்குகிறது. பெற்றோர் பலருக்கு அதுவே துணை. அப்படியானால், மிடறு அதிரும் எழுத்தின் கீழ் ஒரு கோடாவது இடுங்கள்; ஆடும் மேலங்கியும் அதனாலேயே பிரிந்துவிடும். அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். மங்கிய உயிருக்குச் சிறிய எழுத்தைப் பயன்படுத்தலாம். வாரத்துக்கு இருபது சொற்களுக்குப் பதிலாக எட்டுச் சொற்களைப் போட்டு, மிச்ச இடத்தில் நாக்கும் உதடும் எங்கே படுகின்றன என்பதை எழுதலாம். இயலுமானால், தங்கள் இணையப் பக்கத்தில் அந்த எட்டுச் சொற்களையும் குறைந்தது நான்கு பேரின் குரலில் பதிந்து வையுங்கள். அதில் ஒருவராவது இந்நாட்டவராக இருக்கட்டும்.

அடுத்த மாதச் சொற்பட்டியலை முன்கூட்டியே எனக்கு அனுப்பிவைத்தால், கோடுகளையும் அழுத்தங்களையும் குறித்து, இரண்டு நாட்களுக்குள் திருப்பி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன். ஒன்பது குரல்களின் பதிவும் என்னிடம் இருக்கிறது. சொந்தக்காரர்களின் சம்மதத்தையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.